வாப்பா கண்டெடுத்த செப்பேடு

மகள் செம்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். அந்த வாசனை வந்ததும் எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. வயல் உழும்போது கிடைத்த செப்பேட்டை அவரும் இப்படித்தான் துலக்கினார். காரைதீவிலிருந்த அவருடைய கூட்டாளி, ஒரு தமிழ் வாத்தியார், அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாய்க்கால் தண்ணீர் எங்கள் ஊருக்கும் காரைதீவுக்கும் சரிபாதி என்று ஏதோ ஒரு ராசா எழுதிக் கொடுத்திருந்தான்.

அந்தப் போகம் தண்ணீருக்காக இரண்டு ஊரும் கத்தி தூக்கியிருந்தன. பங்கு பேச இரண்டு ஊருக்கும் பொதுவில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள்.

"கூட்டத்துக்குக் கொண்டு போகாதீங்க. பாதித் தண்ணி கை விட்டுப் போனா நம்மட ஆக்களே உங்களச் சும்மா விடமாட்டாங்க," என்றார் உம்மா.

"போகாட்டி ஆக்கள் சாவாங்க," என்றார் வாப்பா.

செப்பேட்டைப் பார்த்த பிறகு இரண்டு ஊரும் பங்குக்கு ஒத்துக்கொண்டன. மூன்றாம் நாள் வாப்பா வாய்க்காலில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். வெட்டியது யாரென்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாப்பாவின் மையித்தைப் பார்க்க வீட்டுக்கு வந்த வாத்தியாரிடம் உம்மா செப்பேட்டைக் கொடுத்தார். "இதக் கடல்ல போடுங்க சேர். எனக்குப் புள்ளைகள் இருக்கு."

இன்றைக்கும் தண்ணீர் பாதிப் பாதிதான். ஏனென்று மகள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.