கோமதி சீட்டு வைக்க மறக்கவில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, குரோம்பேட்டையில் எங்கள் கடையின் ஷட்டரை நான் தூக்கிய வேளையில் கோமதியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆட்டோ வர்றதுக்குள்ள…"

பழைய அளவுக் கருவிகளை வாங்கி, சரிபார்த்து விற்பது எங்கள் தொழில். கடை என்னுடையது, சரிபார்த்தவள் கோமதி. ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான், மயிரிழைக் கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டரைப் படிக்க எவரிடமும் போகாமல் கற்றுக்கொண்டவள். அந்தப் பெருமிதம் எனக்கு எப்போதும் உண்டு. கோமதியோ, மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் பல்லாண்டு இருந்தவள். ஒவ்வொரு கருவியையும் பல அளவுகளில் சோதித்து, குறையை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைப்பாள். "மூடி வெச்சா எல்லாமே ஜீரோதான்க்கா காட்டும். தொறந்து பாத்தாதான் தெரியும்" என்பாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பம்மலில் லேத் பட்டறை வைத்திருக்கும் முருகேசன் அண்ணனுக்காக ஒரு மைக்ரோமீட்டரை எடுத்துவைத்தேன். அதன் இரு முனைகளையும் சேர்த்து மூடிப் பார்த்தேன், ஜீரோ சரியாக நின்றது. "நானே பாத்துட்டேண்ணா, ஒரு குறையும் இல்ல" என்று அவருக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டேன். மறுநாள் கோமதி அதே பெட்டியில் சீட்டு வைத்தாள்: 'பன்னிரண்டு மில்லிமீட்டரில் தேய்மானம். அந்த அளவில் நம்ப வேண்டாம்.' முன்பு வைத்திருந்தவர் அந்த ஓர் அளவையே ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார். உள்ளே திருகின் மரை அங்கு மட்டும் தேய்ந்திருந்தது. என் சொல் பொய்யாவதை நான் பொறுக்கவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன்.

பத்தே நாளில் முருகேசன் அண்ணன் ஒரு கூடை இரும்புப் பின்களோடு வந்து நின்றார். பன்னிரண்டு மில்லிப் பின்கள். அளவு தவறியதால் அத்தனையும் திரும்பி வந்தவை.

"இன்னா கோமதி, சீட்டு எங்க? இவ்ளோவும் ஸ்கிராப்புல போட்றதா?"

நான் பில் புத்தகத்தைப் பிரித்தேன். கோமதி என்னை ஒருமுறை பார்த்தாள். "வெக்க மறந்துட்டேண்ணா. எம்மேலதான் தப்பு" என்றாள்.

அவர் சென்றபின், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உம் பேரு போனா கடை போச்சு. கடை போனா எனக்கு வேலை எங்க கீது?" என்று சிரித்தாள்.

அதன்பின் கடைக்கு வந்தவர்களுக்கு அது கேலியாயிற்று. "கோமதி, சீட்டு வெச்சியா, வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" இதைப் படிக்கும் உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். நான் அருகிலிருந்து பில் எழுதிக்கொண்டிருந்தேன். அவளோ அன்றுமுதல் எந்தச் சீட்டையும் தானே பெட்டியில் வைக்கவில்லை. எழுதி என் கையில் கொடுப்பாள். "நீயே வெய்க்கா."

செவ்வாயன்று அவள் வீட்டு வாசலில் மாலையோடு நின்ற முருகேசன் அண்ணன், "தங்கமான பொண்ணு. அந்த ஒரு வாட்டிதான் கோட்ட வுட்டுச்சு" என்று கண்களைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே, அவளை அறிந்த உங்கள் அனைவருக்கும் எழுத்தில் தெரிவிக்கிறேன்: கோமதி மறந்தவள் அல்லள். சீட்டைக் கிழித்தவள் நான். முருகேசன் அண்ணன் கடைக்கு வந்து என்னிடமே கேட்கலாம்.

அவளுடையதென்று என்னிடம் எஞ்சியிருப்பது, 'நீயே வெய்க்கா' என்ற அந்தச் சொல் ஒன்றே. நம்பிச் சொன்னாளா, தண்டனையாகச் சொன்னாளா என்று நான்கு ஆண்டுகளில் ஒருநாளும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.