பின்னால் மூன்று ஒட்டகம் போதும்

மாவுக் கையைத் துடைக்கக்கூட இல்லை, அதற்குள் சோய்ஜில் மேசையில் அடுக்கிய எலும்புகளில் பின்வரிசையிலிருந்து இரண்டு ஒட்டகங்களைத் தூக்கி, புரட்டி, முன்வரிசையில் குதிரைகளாக வைத்துவிட்டார். "இப்பப் பாருங்கடா, எப்படி இருக்கு!" என்கிறார். சட்டியில் ஹூஷூர் என்கிற கறிப்பூரி கருகுகிற வாசனை வருகிறது. யார் கவலைப்பட்டார்கள்!

உலான்பாட்டரில் கால்பந்து மைதானத்தை ஒட்டிய அவருடைய சாப்பாட்டுக் கடையில் ஆட்டிறைச்சிக்குப் பஞ்சமில்லை. அதனால் கணுக்கால் எலும்புக்கும் பஞ்சமில்லை. எலும்பின் நாலு பக்கத்துக்கும் நாலு பெயர்: குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. எப்போதாவது ஒன்று நட்டுக்குத்தலாக நின்றுவிட்டால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. ஊரே அதை உருட்டி விளையாடும், குறி பார்க்கும். இவர் மட்டும் அதில் தேசியப் பெண்கள் அணியை அடுக்குவார். தடுக்கிறவர்கள் ஒட்டகம், நடுக்களம் செம்மறி, கோல் அடிக்கிறவர்கள் குதிரை. கோல்கீப்பர் ஏன் வெள்ளாடு என்று கேட்டால், "அதுதானே எது வந்தாலும் கவ்விக்கும்!" என்பார்.

நம் அணியோ காலங்காலமாக ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தி, குறைந்த கோலில் தோற்றுவிட்டு வருகிற அணி. சோய்ஜிலுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "மூணு கோல்ல தோத்தா மானம் இருக்கு, ஏழு கோல்ல தோத்தாப் போயிடுச்சா? ஓநாய் வந்ததும் எல்லாரும் பட்டிக்குள்ள போய்க் குந்திக்கிட்டா விரட்டுறவன் எவன்? பின்னால மூணு ஒட்டகம் போதும். முன்னால மூணு குதிரை ஓடணும்." ஐந்து பேர் கட்சிக்காரருக்கு அந்தக் கடையில் தேநீர்க் கிண்ணம் முக்கால்தான் நிறையும்.

ஆனால் ஓரம் தீய்ந்த எலும்பு ஒன்று உண்டு. அது அவருடைய மகள் அனுஜின். இரண்டு வருடமாக அணியில் ஐவரில் இடதுகோடி அவள்தான். நல்ல தைரியசாலி, ஆனால் குள்ளம். ஐந்து பேரில் அது தெரியாது. மூன்று பேர் என்றால் பந்து தலைக்கு மேல் போய்விடும். அவரோ தன் மூவரிலும் இடதுபக்கம் அந்தத் தீய்ந்த எலும்பைத்தான் வைப்பார். டாக்சி ஓட்டும் புரேவ் ஒருமுறை, "அண்ணே, அங்க கொஞ்சம் ஒசரமான ஆளு வேணாமா?" என்று இழுத்தான். "டீ ஆறுது, குடி" என்றார்.

போன வாரம் ஒருநாள் மத்தியானம் அனுஜின் பயிற்சிப் பையோடு நுழைந்தாள். "அப்பா, புது கோச் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச்ல பின்னால மூணு பேர்தான்."

கடை ஆரவாரித்தது. சோய்ஜில் மாவு தேய்க்கும் குழவியால் மேசையில் ஓங்கித் தட்டினார். "நான் சொன்னேனா இல்லையா! இடதுல யாரு?"

"தார்கான் ஊர்ப் பொண்ணு. அந்த நெட்டச்சி."

"அப்ப நீ?"

"வெளிய உக்காருவேன்ப்பா."

புரேவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அண்ணே, கோச்சம்மா தினம் இங்கதானே சாப்பிடுது? அஞ்சு பேரே நல்லதுன்னு ஒரு வார்த்தை போட்டு வைங்களேன். உங்க பேச்சை மதிக்கும்."

அனுஜின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா பேசுற?" என்றார் சோய்ஜில். "எம் பொண்ணு ஆடணும்னு ரெண்டு குதிரையை வெட்டச் சொல்றியா? அந்த இடத்துல ஓட்டைடா. தெரிஞ்சுதான் வச்சுக்கிட்டிருந்தேன்." அவருக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

தீய்ந்த எலும்பை எடுத்தார். அதன் இடத்தில் கூடையிலிருந்து பெரிய எலும்பாகப் பொறுக்கி வைத்தார். மகளுக்குக் கிண்ணம் ததும்பத் தேநீர் ஊற்றி, அதன் பக்கத்தில் அவளுடைய எலும்பை நட்டுக்குத்தலாக நிறுத்தப் பார்த்தார். விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாவு விரல்களால் மூன்றாம் முறை குனிந்தார்.

அனுஜின் மேசை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.