எங்கள் மகளின் உம்மாவும் வாப்பாவும்

கல்முனைக்கு நாங்கள் போனது ஊழியம் செய்ய. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிறிய சபையில் போதகராக இருந்த என் கணவரிடம், கடலுக்கு அப்பால் ஒரு சபைக்கு ஆள் வேண்டும், போவீர்களா என்று கேட்டார்கள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலிலும் பஸ்ஸிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். எழுபதுகளின் கடைசி அது.

அங்கேயும் தமிழ்தான், கஷ்டமிராது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் மாதம் முழுவதும் எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. எங்கள் ஊரில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. கல்முனைக் கடையில் நான் "ஐயரம்மா" என்று என்னை அறிமுகம் செய்துகொண்டதும், கடைக்காரர் மரியாதையாக "எந்தக் கோயில்?" என்று கேட்டார். யாராவது பேச வந்து "ஒங்களோட கொஞ்சம் கதைக்கணும்" என்றால், ஏதோ கதை சொல்லப் போகிறார்கள் என்று வசதியாக உட்கார்ந்துவிடுவேன்.

போன மறுவருடம் அந்தக் கரையைச் சூறாவளி அடித்தது. தென்னந்தோப்புகள் தலை இல்லாமல் நின்றன. சபைக் கோயிலின் கூரை போயிற்று, போதகர் வீடு சுவரோடு விழுந்தது. சபையாரே கூரை வேயத் தென்னங்கிடுகுக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் அவர்களிடம் எங்களுக்கு வீடு கேட்க மனம் வரவில்லை. முஸ்லிம்கள் இருந்த பகுதியில் ஓடு போட்ட சின்ன வீடு ஒன்று தப்பியிருந்தது. அதை வாடகைக்கு எடுத்துக் குடிபோனோம். பக்கத்து வீட்டு வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி மட்டும்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை ராத்தா என்று கூப்பிடப் பழகினேன். எங்கள் ஊர் அக்காவுக்கு அங்கே அதுதான் சொல். அவருடைய கணவருக்குச் சாகாமத்தில் குளத்துப் பாய்ச்சலில் நிறைய வயல். அப்படி வயல் உள்ளவர்களை அந்தப் பகுதியில் போடியார் என்பார்கள். நாங்களும் அவரைப் போடியார் என்றே சொன்னோம். விதைப்புக்கும் வெட்டுக்கும் வாரக்கணக்கில் வயல் வாடிக் குடிசையிலேயே தங்கிவிடுவார். அவர்களுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். நாங்கள் குடிபோன பிறகு நாலாவதும் ஆணாகப் பிறந்தது. அடுத்த மூன்றாம் மாதம் என் மகள் பிறந்தாள்.

பிறந்து ஒரு வாரத்தில் எனக்கு ஜன்னி கண்டது. என்னை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையை என்னிடம் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். இதற்குப் பின் நடந்ததை எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டின் பால் கரைத்துக் கொடுத்தாராம், குழந்தை கக்கியது. தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், வயிற்றாலே போனது. அழுகை மெலிந்துகொண்டே வந்தது. அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வாசலில் நடந்துகொண்டிருந்தபோது வேலியின் கிடுகு விலகியது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ராத்தா கையை நீட்டினார். "புள்ளய இஞ்ச தாங்க."

 என் கணவர் கொடுத்துவிட்டார். குழந்தை உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த அழுகைச் சத்தம் நின்றது. பயந்துபோய் வேலியருகே நின்று கேட்டார். மூத்த பையன் வந்து, தங்கச்சி பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்று சொன்னானாம்.

மறுநாள் போடியார் வந்தார். யாரோ வயலுக்குச் செய்தி கொண்டுபோயிருக்கிறார்கள். உழவு மெஷினில் வந்து இறங்கியவர் தன் வீட்டுக்குள் போகவில்லை. சேறு காயாத காலோடு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்து, தன்னைக் கேட்காமல் மனைவி வேற்று மதத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்ததற்குச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று என் கணவர் நினைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது போடியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கோவிச்சிக்கிட்டு வரல்ல, போதகர் ஐயா. ஒரு விஷயத்தச் சொல்லாம உட்டா ஒங்களுக்கு அநியாயம் செஞ்ச மாதிரி ஆகும். எங்கட மார்க்கத்துல, ஒரு புள்ள ஒருத்திட பால அஞ்சு தரம் வகுறு நெறயக் குடிச்சா அது அவட புள்ள. எனக்கும் புள்ள. என்ட பொடியன்மாரு அதுக்குச் சொந்தக் காக்காமாரு, கூடப் பொறந்தவனுகள். நாளைக்கு அவனுகள்ல ஒருத்தன் அவளக் கலியாணம் முடிக்க ஏலா. இத பொறகு ஆராலயும் மாத்த ஏலா. ஒங்களுக்குச் சம்மதமா?"

எத்தனை தரம் ஆகியிருக்கிறது என்று என் கணவர் கேட்டார்.

"மூணு தரம் எண்டு சொல்லி அனுப்பினா. அஞ்சாகிறத்துக்கு முந்தி ஒங்களக் கேக்கணும் எண்டுதான் ஓடி வந்தன்."

பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமல் நின்ற தகப்பனிடம், அவள் வளர்ந்து கல்யாணம் பேசப்படும் நாளைப் பற்றி ஒருவர் வந்து கேட்கிறார். என் கணவர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அவள் பிழைப்பாள் என்று முதலில் நம்பியவர் போடியார்தான் என்று இன்றைக்கும் சொல்வார். பிரசங்கத்துக்கு வார்த்தை தேடித் தவிக்காத மனிதர், அன்றைக்கு "சம்மதம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

நான் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. எனக்குப் பால் வற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து என் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அவருடைய மகன், மறுபக்கம் என் மகள். நான் விட்டுப்போன ஈர்க்குச்சி போன்ற பிள்ளை இல்லை அது. கன்னம் வைத்து, தொடை மடிப்பு விழுந்து, யாரோ பெரிய வீட்டுக் குழந்தை போல இருந்தது. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டவள் போல, அசையக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

ராத்தா நிமிர்ந்து பார்த்தார். "வாங்க தங்கச்சி. நம்மட புள்ளயப் பாருங்க," என்றார்.

நம்மட. அந்தச் சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மகள் அங்கேதான் பால் குடித்தாள். பேச்சு வந்ததும் ராத்தாவையும் போடியாரையும் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் போல உம்மா, வாப்பா என்றே கூப்பிட்டாள். நாளில் பலமுறை அவளைத் தூக்கிக்கொண்டு போவேன். முதலில் வேலியில் ஒரு கிடுகை விலக்கிப் போனோம். பிறகு போடியார் அந்த இடத்தில் வேலியையே வெட்டி ஒரு படலைக் கதவு வைத்துக் கொடுத்தார். ஊழியத்துக்குப் போன போதகரின் மனைவி எத்தனை வருடம் வீடு வீடாகப் போயிருந்தாலும் நுழைய முடியாத அறைகளில் நான் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பேச்சுகளைக் கேட்டேன். தொதல் என்ற இனிப்பைக் கிண்டும்போது கை மாற்றிவிட்டேன். அவர்கள் தொழ எழுந்தால் பிள்ளைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொள்வேன்.

உறவு எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஒரு நாள் காலையில் நெடிய, கறுத்த மனிதர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஓலையில் கோர்த்த பாரை மீன். யாரென்று கேட்டேன். பாலமுனையில் கரைவலை இழுக்கிறவராம், ராத்தாவின் தம்பி. அக்கா வீடு அடுத்த வீடு என்று காட்டினேன்.

"தெரியும். நான் மருமகளப் பாக்க வந்தன்," என்றார்.

மகளை வாங்கி இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தார். காதருகே குனிந்து ஏதோ துஆ ஓதினார். மீனைக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அதற்குமுன் நான் பார்த்தே இராத ஊரில், நான் பெற்ற பிள்ளைக்கு ஒரு தாய்மாமன் இருந்திருக்கிறார். அன்று மீனை வைத்துக்கொண்டு அடுப்படியில் வெகுநேரம் சும்மா நின்றேன். ஒலுவிலில் ஒரு பெரியம்மாவும், அட்டாளைச்சேனையில் சாச்சா என்று கூப்பிட இரண்டு சித்தப்பாமாரும் இருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. பெருநாளுக்குத் தைத்த சட்டைகளில் எங்கள் மகளுக்கும் ஒன்று, அதே துணியில்.

போடியாரிடம் என் கணவர் சுவிசேஷம் சொல்லாமல் இல்லை. அதற்காகத்தானே போனோம். அவர் ஈஸா நபியைப் பற்றியும் மரியம் அம்மையைப் பற்றியும் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார், இவர் இவருக்குத் தெரிந்ததைச் சொல்வார். இரண்டு பேரும் நன்றாகக் கேட்பார்கள். அவரும் மாறவில்லை, நாங்களும் மாறவில்லை. ஆனால் அந்தப் பேச்சுகளுக்குப் பிறகு என் கணவரின் ஜெபம் நீளம் குறைந்துவிட்டது. கேட்பதற்கு இருந்தது குறைந்து, பார்த்து வியப்பதற்கு இருந்தது கூடிவிட்டது என்பார்.

போதகர் வீட்டைத் திரும்பக் கட்டி முடித்ததும், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருந்த தமிழர் பகுதிக்கு நாங்கள் மாறிப்போனோம். ஒரு மைல் தூரம்தான். போக்குவரத்து குறையவில்லை. மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது இரண்டு பகுதிகளுக்கும் இடையில் தகராறு மூண்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைகள் எரிந்தன. இந்தப் பக்கத்தார் அங்கே போவதில்லை, அங்கிருந்து யாரும் வருவதில்லை. கடை அடைத்து, அரிசி தீர்ந்து, நாங்கள் கஞ்சிக்கு வந்திருந்தோம்.

அந்த நாட்களில் ஒரு காலை, கோயிலுக்கு முன்னால் சத்தம் கேட்டது. எங்கள் பகுதி இளைஞர்கள் சந்தியில் தடியோடு நின்றார்கள். நடுவில் போடியார், சைக்கிளைப் பிடித்தபடி. பின் கேரியரில் அரிசி மூட்டை. எப்போதும் போடுகிற தொப்பியைக்கூட அவர் கழற்றிவிட்டு வரவில்லை.

எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். மகளைப் பார்க்கப் போகிறேன் என்றிருக்கிறார். இங்கே உனக்கு ஏது மகள் என்று ஒருவன் அவர் சைக்கிளைப் பிடித்துத் தள்ளினான். அதற்குள் என் கணவர் ஓடிப்போய்விட்டார். நான் படலையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போடியார் குரலை உயர்த்தவில்லை. "போதகர் ஐயா, தம்பிமாருக்கு நீங்களே சொல்லுங்க, நான் ஆரு எண்டு."

அந்த இளைஞர்களில் பாதிப்பேர் எங்கள் சபைப் பிள்ளைகள். என் கணவர் அவர்களைப் பார்த்துச் சொன்னார். "இவர் என் மகளோட வாப்பா."

 என் கையிலிருந்து மகள் எப்போது நழுவினாள் என்று தெரியவில்லை. "வாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு தடிகளுக்கு நடுவே ஓடினாள். அவர் சைக்கிளை விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். கீழே விழுந்த சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தவன், சற்றுமுன் அதைத் தள்ளியவன்தான்.

திரும்பிப் போகும்போது என் கணவர் அவருடன் எல்லைவரை நடந்தார். அங்கே அந்தப் பக்கத்து இளைஞர்கள் நின்றார்கள். போடியார் முன்னால் போய் என்னவோ சொன்னார். அவர்கள் என் கணவருக்கு ஸலாம் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எங்களைத் திரும்பி வரச் சொல்லி ஊரிலிருந்து சொல்லிவிட்டார்கள். கப்பலும் நின்றுபோயிருந்தது, கொழும்பு போய் விமானம் ஏறவேண்டும். புறப்படுவதற்கு முன் போடியார் எங்களை ஒரு வளவுக்குக் கூட்டிப்போனார். நல்ல மண். வரிசையாகத் தென்னம்பிள்ளைகள், ஆளுயரத்துக்கு வந்திருந்தன. அது மகளுடைய வளவு என்றார்.

 அந்தக் கரையில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான்.

"பொடியன்மாரெல்லாம் பொண்டாட்டி ஊட்டுக்குப் போயிருவானுகள். ஊடு கட்டிக் குடுக்க எனக்கு ஒரு பொம்புளப் புள்ளதானே இரிக்கி," என்றார். பால் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு இல்லை, உயிரோடு இருக்கும்போது விரும்பிக் கொடுக்கலாம் என்று மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டு வைத்திருந்தார். நாங்கள் போகிறோமே, இதை எப்படி ஏற்பது என்று என் கணவர் தடுமாறினார். அதற்கு அவர், நீங்கள் ஏற்க ஒன்றுமில்லை, இது எனக்கும் என் மகளுக்கும் இடையில் உள்ளது என்று சொல்லிவிட்டார். ராத்தா மகளின் தலையைத் தன் முக்காட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எண்பதுகளின் கடைசியில், எங்கள் பழைய சபையைச் சேர்ந்த ஒருவர் வைத்தியத்துக்காக இந்தியா வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். போடியார் ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருந்தார். வளவில் இரண்டு அறை கட்டியாயிற்று. வீடிழந்து வந்த ஒரு குடும்பம் தங்க இடமில்லாமல் நிற்கிறது. அவர்களை அங்கே இருத்தலாமா என்று மகளைக் கேட்டு வரவேண்டும். எங்களை அல்ல, மகளை.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர் அவள் முன்னால் உட்கார்ந்து, பெரிய மனுஷியிடம் கேட்பதுபோல எல்லாவற்றையும் சொன்னார். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடி கொஞ்சம் யோசித்தாள். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றார்.

"அப்ப இருக்கட்டும்னு வாப்பாட்ட சொல்லுங்க," என்றாள்.