துளுக்காத கிடாய்

மோகன்குமார் எம்.எல்.ஏ. ஆன கதையை எருமப்பட்டிப் பக்கம் யாரிடம் கேட்டாலும் அவருடைய அண்ணன் சின்னண்ணனிலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ரிக் வண்டியில் ஏறிய சின்னண்ணன், வடநாடெல்லாம் போர்வெல் போட்டார். அந்தச் சம்பாத்தியத்தில் தம்பி நாமக்கல்லில் பி.எஸ்சி. முடித்து, சேலத்தில் சட்டமும் படித்தார். படிப்பில் கெட்டி என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் பேச்சில் கெட்டி. கறுப்புக் கோட்டைவிட மைக் அவருக்குப் பொருந்தியது.

கட்சி முதன்முறை சீட்டுக் கொடுத்தபோது, குலதெய்வக் கோயிலில் கிடாய் துளுக்கக் கேட்டார்கள். எங்கள் பக்கம் இது இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. கிடாய்க்கு மாலை போட்டுத் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதைத்தான் துளுக்குவது என்போம், சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம்தான் வெட்டு. உதறாமல் நின்றால் குடும்பத்தில் யாருக்கோ மனக்குறை. அவர் முன்னால் வந்து குறையை விட்டுவிட்டதாகச் சொல்லவேண்டும்.

அன்று தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சின்னண்ணன் வெட்டருவாளைத் தம்பியிடம் நீட்டினார்.

“ரெண்டு தடவ நீ நில்லு சாமி. மூணாவது என்ற புள்ள மைதிலிக்கு உட்ரோணும். இதத் தொட்டுச் சொல்லு.”

மோகன்குமார் தொட்டுச் சொன்னார். தண்ணீர் பட்டதும் கிடாய் துளுக்கியது.

இரண்டு முறையும் ஜெயித்தார். குறை சொல்லக்கூடாது, ரோடு போட்டார், எழவு வீடுகளுக்கு முதல் ஆளாகப் போனார். இடையில் ஒடிசாவில் ரிக் வண்டி கவிழ்ந்து சின்னண்ணன் செத்துப்போனார். மைதிலியும் சட்டம் முடித்துவிட்டுத் தொகுதி வேலையில் பாதியைத் தலையில் போட்டுக்கொண்டாள். மூன்றாவது தேர்தல் வந்தது. கட்சி யாரை நிறுத்தலாம் என்று மோகன்குமாரைத்தான் கேட்டது. அவர் தன் பெயரைச் சொன்னார். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மனுத்தாக்கலின் கடைசி நாள், கோயில் வாசலில் கிடாய் துளுக்கவில்லை.

பூசாரி ஆண்டி கூட்டத்தைப் பார்த்தார். “யாருக்குங்க குறை? முன்னால வாங்க.”

சின்னண்ணன் மனைவி சௌந்திரம் வந்தார். “எனக்கு ஒண்ணுமில்லீங்க. கொழுந்தனாரே நிக்கட்டும்.”

மைதிலியும் முன்னால் வந்தாள். “எனக்கும் இல்லீங்க. உட்டுட்டேன் சித்தப்பா.” அவள் மனசாரத்தான் சொன்னாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். கிடாயின் காதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. கண்ணோரத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட அது விரட்டவில்லை. மோகன்குமாருக்கு வலப்பக்கம் இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. முதல் தேர்தலில் சின்னண்ணன் அருவாளோடு நின்ற இடம் அது.

“இன்னும் ஒருத்தர் சொல்லோணுங்க,” என்றார் ஆண்டி.

“யாரு?” என்றது கூட்டம்.

ஆண்டியும் அந்த இடத்தைப் பார்த்தார். உச்சி வெயிலில் எனக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது.

மூன்று மணிக்கு மனுத்தாக்கல் முடிந்துவிடும். மோகன்குமார் துண்டை உதறித் தோளில் போட்டார். “துளுக்கிருச்சு. எல்லாரும் பாத்தமில்ல? போலாம்.”

இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, என்னையும் சேர்த்து. துளுக்காத கிடாயை வெட்டக்கூடாது. ஆண்டி அதை மாலையோடு வேப்பமரத்தில் கட்டினார்.

பிரச்சாரத்தில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தாலே எம்.எல்.ஏ. துண்டால் தலையை மூடிக்கொண்டார். வெயிலுக்குத்தான் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது சௌந்திரத்திடம் மெதுவாகக் கேட்டார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

“நங்கை, அந்தக் கெடா இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. நல்லாத் தீனி திங்குது. நேத்துப் பேஞ்ச கோடை மழையில தொப்பலா நனஞ்சுது, அப்பவும் ஒதறவே இல்லீங்க.” சௌந்திரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி. அவரப் பொதச்ச எடத்துக்குப் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருங்க.”

“ஜெயிச்சுட்டுப் போறனுங்க.”

ஜெயித்தார். மாலையும் கழுத்துமாகத் திறந்த ஜீப்பில் கோயிலுக்கு வந்து இறங்கினார். வேட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. வாசலில் நின்ற பெண்கள், அவர் துண்டை எடுத்து மூடிக்கொள்வதற்குள், ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார்கள்.

அவர் உடம்பு சிலிர்த்தது. பிடரியில் தொடங்கி கால்வரை ஓர் உதறல். மாலையிலிருந்து பூ உதிர்ந்து நாலு பக்கமும் சிதறியது.

“துளுக்கிருச்சு!” என்று கூட்டத்தில் யாரோ வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

கொட்டு நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. மோகன்குமார் மெல்லத் தலையைத் திருப்பித் தன் வலப்பக்கத்தைப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்கவில்லை. சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆண்டி வேப்பமரத்தடிக்குப் போய்க் கிடாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.