அடுப்புக்கு வெளியே நின்ற முனுசாமி

எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்துச் சாயப் பட்டறையில் அடுப்பின் வாய் பின்சுவருக்கு வெளியே இருக்கும். அங்கே தீ போடுகிற முனுசாமி காலனியிலிருந்து வருகிறவர். அவர் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் வந்ததுமில்லை.

ஒரு கல்யாண ஆர்டருக்கு அரக்குச் சாயம் போட்ட அன்று, "வெறகு பச்சையா இருக்குதுண்ணே, தீ நிக்கல" என்று உள்ளே நூல் முக்கிக்கொண்டிருந்த என்னிடம் ஜன்னல் வழியாகச் சொன்னார். நான் அஞ்சாவதோடு நின்றவன், எதற்கும் பயப்படுகிறவன். அவர் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொன்னால் பட்டறை மேஸ்திரி என்ன நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் நூல் தறிக்குப் போகுமுன் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். துணி சிவந்துவிட்டது; கொதி போதாமல் சாயம் நூலில் பிடிக்கவில்லை. மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பின்பக்கம் போய், "ஏம்பா, என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"நீங்க உள்ள இருந்துகினு இருக்கீங்க. நான் எங்கேர்ந்து சொல்றது?" என்றார் முனுசாமி.

"உள்ள வாப்பா" என்றார் மேஸ்திரி. காய்ந்த விறகு வாங்கி எல்லா நூலையும் மறுபடி சாயத்தில் போட்டோம். ஆர்டர் கைவிட்டுப் போகாமல் தப்பியது.

இப்போது நூலை முக்குமுன் நானே போய் முனுசாமியைக் கூட்டிவருகிறேன். கொதி போதும் என்று அவர் சொன்ன பிறகுதான் நூல் இறங்கும். எனக்குப் பயம் போய்விடவில்லை. பயந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.