எண் எரிந்துபோன எஃகு

விதி இது: சோதனைக்குப் போகும் எஃகுத் துண்டின் இரண்டு முனைகளிலும் எண்ணைத் தட்டிப் பதிக்க வேண்டும். மையால் எழுதக் கூடாது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் இதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவனே நான்தான்.

என் தங்கை மகள் வாணி, அணு உலைக் குழாய்களின் எஃகு வயதாக ஆக எப்படிக் கெடுகிறது என்று ஆராய்கிறாள். பயப்படாதீர்கள், கதிரியக்கம் கிடையாது. உலையில் பல வருடம் படும் பாட்டை, சூடேற்றும் ஃபர்னஸில் சில மாதங்களில் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு, ஊசல் போல ஆடிவரும் சுத்தியலால் ஓர் அடி. இளசு வளையும்; கிழடு பிஸ்கட் மாதிரி உடையும்.

பன்னிரண்டு துண்டுகளைச் சூடேற்றித் தர, பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். ஆறு துண்டுக்கு ஒரு வாரச் சூடு, மற்ற ஆறுக்கு ஆறு மாதம். வாணிக்கு உதவப் போன எனக்குத்தான் எண் போடும் பொறுப்பு. அன்று அவசரம்... மார்க்கரில் எழுதிவிட்டேன்.

திரும்பி வந்ததும் அடித்துப் பார்த்தோம். கிழடுகளில் சில வளைந்தன. இளசுகளில் சில படாரென்று உடைந்தன.

"மாமா, கிராஃப் கண்டபடி வருது லா."

"மிஷினைப் பாரு."

"மூணு தடவை பார்த்துட்டேன். இந்த ஏழு உங்க எழுத்தா?"

இல்லை. நான் ஏழுக்கு நடுவில் கோடு போடுவதில்லை. ஃபர்னஸில் மை எரிந்திருக்கிறது. யாரோ புதிதாக எழுதியிருக்கிறார்கள். எதைப் பார்த்து?

கம்பெனிக்குப் போன் செய்தேன். "அங்கிள், ஈமெயில் போடுங்க லா" என்றது ஒரு பெண் குரல். போட்டேன். நினைவூட்டல் போட்டேன். நினைவூட்டலுக்கும் ஒரு நினைவூட்டல்.

அதற்குள் வாணியின் பேராசிரியர் கிராஃபைக் கேட்டார். கொடுக்காவிட்டால் அவளுக்கு இந்த ஆண்டு பட்டம் இல்லை.

"மாமா, வளைஞ்சதெல்லாம் இளசு, உடைஞ்சதெல்லாம் கிழடுன்னு பிரிச்சிட்டா? புக்ல உள்ள மாதிரியே வரும்."

நியாயமாகத்தான் பட்டது — அதுதான் குழப்பம். ஒருவேளை அதுவே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையா என்று கண்டுபிடிக்கத்தானே அடித்தோம்?

"சொல்லுங்க. எல்லா ரூலும் தெரிஞ்சவர் நீங்கதானே."

"இதுக்கு எனக்கு ரூல் தெரியலை."

துண்டுகளை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "அப்ப தெரியலைன்னே எழுதிடுறேன்."

பேராசிரியருக்குக் கடிதமாக எழுதினாள். மார்க்கர் பிடித்த கை என்னுடையது என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டேன். பட்டம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

கடைசியில் கம்பெனி பதில் போட்டது. எல்லாத் துண்டுகளும் ஒரே டப்பாவில் இருந்தனவாம். எண் அழிந்திருந்ததால், கைக்கு வந்த வரிசையில் எழுதிக் கொடுத்தார்களாம். எது இளசு, எது கிழடு என்று அவர்களுக்கும் தெரியாதாம்.

பதில் வந்த நாள்: தைப்பூசத்துக்கு மறுநாள். வாணி 'தெரியலை' என்ற அந்தக் கடிதத்தைக் கொடுத்து நான்கு நாள் கழித்து.