பூண்டுத் தோலில் ஒரு கிறிஸ்துமஸ் கார்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊர் கவுஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் கேட்காமலே சொல்வார். அந்த வாயால் கெடுத்துக்கொண்ட ஒரு காரியத்தைக் கையால் சரிக்கட்டப் போய், அதை இன்னும் கெடுத்து வைத்தேன்.

போன ஐப்பசியில் என் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை கொடைக்கானல் டவுன்காரர், கிறிஸ்தவர். கல்லூரியில் கூடப் படித்தவர். இரண்டு பேரும் முதலில் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது, நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பையனைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. போட்டதைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிற பிள்ளை. அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். அந்தச் சம்பந்தியம்மா நிச்சயத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றுதான் வினை பிடித்தது.

அந்த வாரம்தான் பூண்டு பிடுங்கியிருந்தோம். பிடுங்கிய பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே கம்புகளில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். புகை பட்டால் பூண்டு கெடாது. வீடு முழுக்கப் பூண்டு, தலையில் இடிக்கிற மாதிரி. சம்பந்தியம்மா உள்ளே காலெடுத்து வைத்ததும் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். பூ வைக்கும்போதும் எடுக்கவில்லை, காப்பி கொடுத்தபோதும் எடுக்கவில்லை. தட்டு மாற்ற இரண்டு கையும் வேண்டுமே என்று அப்போது மட்டும் எடுத்தார்.

"இந்த ஸ்மெல்லுல எப்படிங்க தூங்குறீங்க?" என்று கேட்டார். இப்போது நினைத்தால் அவர் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார்.

"பூண்டு நாத்தம் ஆகலைன்னா, பூண்டுக்காரி மக மட்டும் எதுக்குங்க?" என்றேன் நான்.

சம்பந்தியம்மா கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே புதைந்திருக்க வேண்டும். தீபாவளி முடிந்த கையோடு கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் நான் "வாங்க" என்றேன், அவர் "சரிங்க" என்றார். அத்தோடு சரி.

அடுத்து வருவது தலைப்பொங்கல். கல்யாணமான முதல் பொங்கலுக்கு மகளும் மருமகனும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். அதற்காகவே ஒரு பானை வாங்கி வைத்திருந்தேன். கார்த்திகைக் கடைசியில் மகளிடம் போனில் கேட்டேன்.

"அத்தைய தனியா விட்டுட்டு நல்ல நாளும் அதுவுமா நாங்க எப்படிம்மா வர்றது? நீ அவங்களையும் முறையா கூப்பிடு. அவங்க வந்தா நாங்களும் வர்றோம்."

"நான் கூப்பிட்டா வருவாங்களாடி?"

"நீ பேசுன பேச்சுக்கு வரமாட்டாங்கதான். ஆனா நீ கூப்பிடணும்."

நேரில் போய் நிற்க முகம் இல்லை. போனில் பேசலாம் என்றால் என் வாயை நானே நம்பமாட்டேன். அப்போதுதான் கார்டு யோசனை வந்தது.

பூண்டுத் தோலில் கார்டு செய்வது எனக்கு மூன்று வருசப் பழக்கம். பூண்டைச் சுத்தம் பண்ணும்போது தோல் மூட்டை மூட்டையாகச் சேரும், அள்ளிக் குப்பைக் குழியில் போடுவோம். ஒரு நாள் ஈரச் சொம்பில் ஒரு தோல் ஒட்டிக்கொண்டு, சன்னல் வெயிலில் பூவிதழ் மாதிரி தெரிந்தது. வெள்ளையில் மெல்லிய ஊதா ரேகை. எந்தக் கடைக் காகிதமும் அந்த அழகுக்கு நிற்காது. அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது பைத்தியம். அட்டையை மடித்து, மைதா பசை காய்ச்சி, தோலை இதழிதழாக வெட்டி ஒட்டுவேன். மூச்சு விட்டால் தோல் பறக்கும். கதவைச் சாத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரணும். ஒரு தடவை என் வீட்டுக்காரர் தும்மிய தும்மலில் முழுசாக ஒரு லில்லிப்பூ அடுப்பில் போய் விழுந்தது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

மலையின் மேக மூடாக்கில் பசை லேசில் காயாது. அதனால் கார்டுகளைப் பழைய நோட்டுக்குள் வைத்து மெத்தைக்கு அடியில் போட்டுவிடுவேன். மனுசச் சூட்டில் இரண்டு நாளில் காய்ந்து, தட்டையாக வந்துவிடும். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் டீச்சருக்குக் கொடுக்க என்னிடம்தான் கார்டு வாங்கிப் போவார்கள். அத்தனை கார்டும் என் வீட்டுக்காரர் படுத்து எழுந்தவை என்பது எந்த டீச்சருக்கும் தெரியாது.

சம்பந்தியம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் கார்டு செய்து, அதற்குள் பொங்கலுக்கு அழைப்பும் எழுதிவிடுவது என்று முடிவெடுத்தேன். இயேசு பிறந்த குடிலை நான் செய்ததில்லை, போனில் படம் பார்த்துக்கொண்டேன். மாட்டுத் தொழுவம்தானே, அது நமக்குத் தெரியாததா? தேவதூதரின் இறக்கைக்கு மட்டும் பதினோரு தோல், ஒன்றின் மேல் ஒன்றாக. குழந்தையைச் சுற்றுகிற துணிக்கு நல்ல ஊதா பாய்ந்த தோலாகத் தேடி எடுத்தேன். தொழுவத்துக்கு வைக்கோல் வேண்டும் என்று காய்ந்த பூண்டுத் தண்டையே நறுக்கி ஒட்டினேன். மாடு மட்டும் கொஞ்சம் பெரிசாகிவிட்டது. எனக்கு மாடு நன்றாக வரும், கை நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "தேவதூதர விட மாடு பெருசா இருக்கே?"

"பக்கத்துல நிக்கிது. அவரு தூரத்துல பறக்குறாரு. உங்க சோலியப் பாருங்க."

உள்ளே எழுதத்தான் கை வரவில்லை. 'அன்னைக்குப் பேசினதை மனசுல வைக்காதீங்க' என்று எழுதிப் பார்த்தேன், கிழித்தேன். ஐந்து தாள் போனது. கடைசியில், 'கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தலைப்பொங்கலுக்குப் பிள்ளைகளோடு நீங்களும் அவசியம் வரவேண்டும்' என்று மட்டும் எழுதினேன். மிச்சத்தை அந்தப் பதினோரு தோல் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். செய்ததிலேயே அதுதான் என் நல்ல கார்டு. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

கார்டு காய்ந்த மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி கொடைக்கானல் போனேன். அங்கேயே இருக்கிற சம்பந்திக்கு அங்கேயே போய்த் தபாலில் போடுகிற கூத்தைச் சொல்லி என் வீட்டுக்காரர் பஸ் கிளம்பும்வரை சிரித்தார். தபாலில் வந்தால் ஒரு மரியாதை என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக, தபால் பெட்டியில் கவரைப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டேன். கையில் இன்னும் இருபது கார்டு இருந்தது. பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற பாயிடம் விற்றுப் பார்க்கலாம் என்று கொண்டு வந்திருந்தேன். என் கார்டு கவுஞ்சியைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை.

பாய் பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் விரிந்தது. அப்புறம் மூக்கும் விரிந்தது.

"கார்டு ஜோரா இருக்குக்கா," என்றார். "ஆனா இது வாழ்த்துச் சொல்லுதா, ரசம் வைக்கச் சொல்லுதான்னுதான் புரியல."

"என்ன பாய் சொல்றீங்க?"

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என் கை பூண்டு, என் சேலை பூண்டு, என் ஊரே பூண்டு. மூன்று வருசமாக ஊரில் ஒரு ஆள் சொன்னதில்லை. சாமான் வாங்க வந்து நின்ற ஒரு டூரிஸ்ட் பெண்ணிடம் பாய் கார்டை நீட்டினார். அவள் மோந்துவிட்டு, "கார்லிக்," என்று சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூண்டு வாசத்துக்கு மூக்கைப் பொத்திய மனுசிக்கு, நான் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு, பூண்டிலேயே மாடு, மனுசன், வைக்கோல் எல்லாம் செய்து தபாலில் அனுப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே குத்திக்காட்டினாலும் இவ்வளவு நேர்த்தியாகக் குத்த முடியாது.

கார்டுகளைப் பாயிடமே போட்டுவிட்டுத் தபால் பெட்டிக்கு ஓடினேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், விரலுக்கு மேல் போகவில்லை. அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் சாக்கோடு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, பொட்டிக்குள்ள என்ன பண்றீங்க?"

"நான் போட்ட கவருதாங்க. தெரியாம போட்டுட்டேன், திருப்பிக் குடுத்துருங்க."

"அதெல்லாம் அப்படிக் குடுக்க முடியாதும்மா. இம்புட்டுல உங்களது எதுன்னு நான் தேடுறது?"

"மோந்து பாத்தாலே தெரியுங்க," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று மகளுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன்.

"தபால் ஏதும் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு," என்றாள். ஒரு மாதிரி குரல். அடுத்த வார்த்தைக்குள் எங்கள் ஊர் டவர் தன் வேலையைக் காட்டிவிட்டது. திருப்பிப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு மெசேஜ் வந்தது: 'பொங்கலுக்கு வர்றோம். அத்தையும் வர்றாங்க. உன்கிட்ட நேர்ல பேசணுமாம்.'

மருமகனும் மகளும் வரும் சந்தோசத்தை அந்தக் கடைசி வரி விழுங்கிவிட்டது. நேரில் பேசணும் என்றால் சண்டைக்குத்தான். இருக்கட்டும், இந்தத் தடவை அவர் எத்தனை திட்டினாலும் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டேன். போகியன்று வீட்டிலிருந்த பூண்டு அத்தனையையும் இறக்கினேன். ஒரு கட்டுவிடாமல் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே தூக்கினார். கம்புகளைத் துடைத்தேன், சுவரைக் கழுவினேன், சாம்பிராணி போட்டேன். பொங்கலன்று காலையிலும் வெரசா எழுந்து இன்னொரு தரம் சாம்பிராணி போட்டேன். வீடு கோயில் மாதிரி மணந்தது. எங்களுக்கே யார் வீடோ என்று இருந்தது.

ஜீப் வந்து நின்றது. முதலில் மகள் இறங்கி, என்னைக் கூடப் பார்க்காமல் நேராக அடுப்படிக்குள் ஓடினாள். அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"அம்மா, பூண்டெல்லாம் எங்கம்மா?"

அவள் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குப் பின்னாலேயே சம்பந்தியம்மா வந்தார். கையில் அதே வெள்ளைக் கைக்குட்டை. மூக்கில் வைக்கவில்லை. வெறும் கம்புகளைப் பார்த்தார், சாம்பிராணிப் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்காகவா எடுத்தீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் கைப்பையைத் திறந்து கார்டை எடுத்தார். தேவதூதரின் ஒரு இறக்கை நசுங்கியிருந்தது. "இது வந்த அன்னைக்கு எனக்கு செம கோபம். வேணும்னே அனுப்பியிருக்கீங்கன்னு நெனச்சேன். ஸ்மெல் தாங்காம வெளிய சன்னல்ல வச்சுட்டேன். மறுநாள் பாத்தா காணோம். பெட்ஷீட் மாத்தும்போது உங்க மக தலையணைக்கு அடியில இருந்துச்சு. கேட்டா, திருடி மாட்டுனவ மாதிரி முழிக்கிறா."

"அத்தை, போதும்," என்றாள் மகள்.

"இரும்மா. டெய்லி கேக்குறேன் சம்பந்தி, வீட்டு நெனப்பா இருக்காம்மான்னு. இல்லத்தை, நல்லா இருக்கேன் அத்தைன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. நானும் நம்பிட்டேன். கார்டு கிடைச்ச பிறகுதான் தெரிஞ்சுது, இந்த வாசம் இல்லாம அவளுக்குத் தூக்கமே வரலைங்க. முதல்ல நான் உங்ககிட்ட கேட்டேனே, இதுல எப்படித் தூங்குறீங்கன்னு." கார்டின் நசுங்கிய இறக்கையை விரலால் நீவினார். "எங்க கிச்சன்ல தொங்கவிட ஒரு கட்டு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க என்னடான்னா மொத்தத்தையும் ஒளிச்சு வச்சிருக்கீங்க."

மகளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே பக்கத்து வீட்டுக்குப் போய், இருப்பதிலேயே பெரிய கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். போகியன்று முனகியவர், இப்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கட்டு முழுக்க அடுப்புப் புகைக் கரி. டவுன் வீட்டுக்கு இப்படியே கொடுப்பதா என்று நான் துணி தேடிக்கொண்டிருந்தேன். நான் திரும்பி வருவதற்குள் சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்து, கட்டை மடியில் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைக் கைக்குட்டையால் ஒவ்வொரு பூண்டாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.